மிலாறு யாருக்குச் சொந்தம்?

(எல்லப் பிரதேசத் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் அமைப்பாளரும் தோட்டப் பாடசாலை ஆசிரியையுமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைக்கு நான் விறகைப் பற்றிப் பேசப் போகிறேன். வரும் வழியில் ஒரு அண்ணன் கேட்டார், "டீச்சர், சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, காணி இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு விறகா?" என்று. நியாயமான கேள்விதான். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன், "அண்ணா, உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு விறகைக் காசு கொடுத்து வாங்கினால் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும்?" என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதை வீட்டில்தான் கேட்க வேண்டும்" என்றார். அதுதான் விஷயம். விறகை யார் சுமக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அதன் கணக்குத் தெரியும். அவர்கள் பெரும்பாலும் கமிட்டிக் கூட்டத்தில் பேசுவதில்லை.

நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். போன கவ்வாத்துக் காலத்தில், நான் படிப்பிக்கும் தோட்டத்தில் ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டினார்கள். வழக்கம்போல வேலை முடிந்ததும் பெண்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு மிலாறு பொறுக்கப் போனார்கள். கீழே வீதியில் ஒரு லொறி நின்றது. "இந்தத் தடவை மிலாறை வெளியே கொடுத்தாயிற்று, யாரும் எடுக்கக் கூடாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரட்டுக்களத்தில் அறிவிப்பு இல்லை, கமிட்டிக்குக் கடிதம் இல்லை. அந்தக் கிழமை முழுவதும் என் ஐந்தாம் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் பிந்தி வந்தார்கள். கேட்டால், அம்மாவோடு தூரத்து ஓடைக்கரைக்கு விறகுக்குப் போனோம் என்றார்கள். அதில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது, "டீச்சர், மிலாறு நம்முடையது இல்லையாமே, அப்படியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தோட்டத்தில் வயதான ஒரு பாட்டியிடம் போய்க் கேட்டேன். "என் அம்மா காலத்திலும் மிலாறு நமக்குத்தான்" என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எழுதுகிறதா? அது வழக்கம்" என்றார். உண்மைதான், அது வழக்கம். ஆனால் யாருக்கும் வேண்டாத பொருளாக இருக்கும் வரைக்கும்தான் வழக்கம் நம்மைக் காப்பாற்றும். அதற்கு ஒரு விலை வந்த நாளில், "காகிதத்தைக் காட்டு" என்பார்கள். நம்மிடம் காகிதம் இல்லை.

பயிர்க் கழிவிலிருந்து சக்தி எடுக்கும் வேலை இன்றைக்கு உலகம் முழுவதும் நடக்கிறது. அதை விவசாயிகள் எப்படிச் சங்கமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள், அதில் நமக்குப் பாடம் என்ன என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இங்கே நிற்கிறேன்.

கழிவுக்கு விலை வந்த கதை

முதலில் நம் ஸ்டோரையே எடுத்துக்கொள்வோம். நாலரைக் கிலோ கொழுந்து போனால் ஏறக்குறைய ஒரு கிலோ தூள் வருகிறது. மீதி எல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் போக்கத்தான் வாட்டுகிறார்கள், உலர்த்துகிறார்கள். அதற்கு வேண்டிய சூடு பெரும்பாலும் விறகடுப்பிலிருந்து வருகிறது. ஒரு கிலோ தூளுக்கு ஒன்றரைக் கிலோ விறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அக்கா ஒரு நாளில் 20 கிலோ கொழுந்து பறித்தால் அது நாலரைக் கிலோ தூள். அதை உலர்த்த ஆறேழு கிலோ விறகு வேண்டும். அதே அக்கா மாலையில் தன் வீட்டு அடுப்புக்கு ஒரு கட்டு விறகை முதுகில் சுமந்து வருகிறார். ஸ்டோருக்கும் அக்காவின் வீட்டுக்கும் வேண்டியது ஒரே பொருள்.

2022இல் நாடு பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கேஸ் சிலிண்டருக்கு இரவெல்லாம் வரிசை. அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குப் போனது. பட்டணத்து ஆட்களும் விறகு தேடத் தொடங்கினார்கள். எண்ணெய் விலை ஏற ஏற, தொழிற்சாலைகளும் விறகுக்கு மாறுகின்றன. விறகுக்குக் கிராக்கி வந்தால் மரத்துக்கு விலை வரும், மரத்துக்குப் பின்னால் குச்சிக்கும் விலை வரும். அன்றைக்கு மலையடியில் லொறி வந்து நின்றதற்கு இதுதான் காரணம்.

ஊவாவிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. மொனராகலைப் பக்கம் பெல்வத்தையில் சீனித் தொழிற்சாலை இருக்கிறது. 100 கிலோ கரும்பைப் பிழிந்தால் 30 கிலோ அளவுக்குச் சக்கை மிஞ்சும். அந்தச் சக்கையை எரித்துத்தான் கொதிகலன் ஓடுகிறது. கரும்பு கொடுக்கும் விவசாயிக்குக் கரும்பின் எடைக்குத்தான் காசு. கேட்டைத் தாண்டிய பிறகு சக்கை ஆலையுடையது.

அடுத்தது நம் பதுளை மாவட்டத்திலேயே, மகியங்கனையில். டோக்கியோ சீமெந்து நிறுவனம் அங்கே 5 மெகாவாட் மின்நிலையம் ஒன்றை வைத்திருக்கிறது. எரிப்பது பெரும்பாலும் கிளிரிசிடியா விறகு. வேலிக்கு நடுகிறோமே, சீமைக்கிளுவை, அதுதான். சிங்களத்தில் கினிசீரியா என்பார்கள். 2005இல் அரசாங்கம் இதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. ஏன் இந்த மரம்? வெட்ட வெட்டத் துளிர்க்கும். இலை மண்ணுக்கு உரம், மாட்டுக்குத் தீனி. கம்பு விறகு. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் வேலியில் வளர்ந்ததை வெட்டி விற்கிறார்கள்.

விறகு விற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விறகு பாரம் கூடின, விலை குறைந்த பொருள். பத்துக் கட்டு விறகை வைத்திருக்கும் ஒருவர் அதற்காகத் தனியாக லொறி பிடிக்க முடியாது. ஆகவே லொறி வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை. இந்த இடத்தில்தான் சங்கம் வேண்டியிருக்கிறது. பத்துப் பேரின் விறகு ஒரு இடத்தில் சேர்ந்து, காய்ந்து, ஒரு தராசில் ஏறி, ஒரு லொறியில் போனால் பேச்சு வேறு. கழிவிலிருந்து சக்தி எடுக்க இயந்திரம் முக்கியம்தான். ஆனால் சேர்ப்பது, காய வைப்பது, நிறுப்பது, விலை பேசுவது, இவற்றை யார் கையில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் லாபம் யாருக்கு என்பது இருக்கிறது.

சேர்ந்து நின்றவர்களும், வெளியே நின்றவர்களும்

இந்தியாவில் மகாராட்டிர மாநிலத்தில் லோணி என்று ஒரு ஊர். அங்கே 1950இல் கரும்பு விவசாயிகள் சேர்ந்து தங்களுக்குச் சொந்தமாக ஒரு கூட்டுறவுச் சீனி ஆலையைத் தொடங்கினார்கள். பிரவரா ஆலை என்று பெயர். முன்னின்றவர் வித்தல்ராவ் விகே பாட்டீல் என்ற விவசாயி, துணை நின்றவர் தனஞ்சயராவ் காட்கில் என்ற பொருளியல் அறிஞர். அதைப் பார்த்து அந்த மாநிலத்தில் ஏராளமான கூட்டுறவு ஆலைகள் எழுந்தன. இன்றைக்கு அவற்றில் பல, சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து, ஆலைக்கு வேண்டியது போக மிச்சத்தை அரசாங்கக் கம்பிக்கு விற்கின்றன.

பெல்வத்தையில் எரிவதும் சக்கை, லோணியில் எரிவதும் சக்கை. அங்கே ஆலையே விவசாயிகளின் சங்கத்துடையது என்பதால், சக்கையில் வரும் வருமானமும் சங்கத்தின் கணக்குக்குள்தான் வருகிறது. கரும்புக்கு என்ன விலை கொடுப்பது என்று பேசும்போது விவசாயி தன் ஆலையிடமே கேட்க முடியும். இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் மேலும் படித்தபோது மனம் கனத்தது.

அந்தக் கரும்பை வெட்டுவது யார்? பீட் முதலான வறண்ட மாவட்டங்களிலிருந்து ஒவ்வொரு வருடமும் குடும்பம் குடும்பமாக வரும் கூலித் தொழிலாளிகள். காணி இல்லாதவர்கள், அல்லது இருந்தும் விளையாதவர்கள். புருஷனையும் பெண்சாதியையும் சேர்த்து ஒரே கணக்காக எழுதுவார்கள். அந்தக் கணக்குக்குக் 'கோய்தா' என்று பெயர். கோய்தா என்றால் அரிவாள். இரண்டு பேர் உழைப்பு, ஒரு அரிவாள். அவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டி வருபவர் 'முகாதம்'. கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? நம் பாட்டன் காலத்துக் கங்காணியும், 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையும்தானே? பருவத்தில் ஒரு நாள் வேலை போனாலும் அபராதம் என்பதால், பிள்ளை பெற்ற பெண்கள் கர்ப்பப்பையையே எடுத்துவிடுகிறார்கள் என்ற செய்தி 2019இல் இந்தியா முழுவதும் பேசப்பட்டது.

அந்த ஆலைச் சங்கத்தில் கரும்பு வெட்டும் பெண்ணுக்கு வாக்கு இல்லை. ஏனென்றால் கரும்பு விளையும் காணி வைத்திருப்பவர்தான் அங்கத்தவர். சக்கை காணிக்காரருடையது, ஆலை காணிக்காரருடையது, மின்சாரக் காசும் காணிக்காரருடையது.

தோழர்களே, இதை நாம் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். "விவசாயிகள் சேர்ந்தார்கள், வென்றார்கள்" என்ற கதையைக் கேட்டு நாம் அப்படியே கை தட்ட முடியாது. விவசாயிக்குக் கழிவு சொந்தம், ஏனென்றால் காணி சொந்தம். நமக்குக் காணி இல்லை. நாம் நிற்கும் மலை அரசாங்கத்தின் காணி. 1992இலிருந்து கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. இந்தக் கதையில் நாம் லோணி விவசாயியின் இடத்தில் இல்லை, கோய்தா தூக்கிய பெண்ணின் இடத்தில் இருக்கிறோம். ஆகவே காணிப் பத்திரம் இல்லாதவர்களுக்கும் இடம் தரும் முறை எங்கேயாவது இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது.

ஓடந்துறை

அப்படி ஒன்று தமிழ்நாட்டில் கிடைத்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், நீலகிரி மலையின் அடிவாரத்தில், ஓடந்துறை என்ற ஊராட்சி. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து போன நம் சொந்தக்காரர்களில் பலர் அந்த மலைக்கு மேலேதான் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள்.

1996இலிருந்து 2006 வரை ஓடந்துறைக்குத் தலைவராக இருந்தவர் சண்முகம். ஊராட்சியின் பணத்தில் பெரும் பங்கைக் குடிநீர் மோட்டாரின் மின்கட்டணம் தின்றுகொண்டிருந்தது. 2003இல் அவர்கள் 9 கிலோவாட் அளவில் ஒரு மரவாயு இயந்திரம் வைத்தார்கள். மரம் அறுக்கும் ஆலையில் மிஞ்சும் துண்டுகளைக் காற்றுக் குறைவாக வைத்துச் சூடாக்கினால், எரியக்கூடிய வாயு வரும். அந்த வாயுவில் இயந்திரம் ஓடும், இயந்திரம் மோட்டாரை ஓட்டும். கழிவில் ஓடியது ஊரின் தண்ணீர் மோட்டார். அதன் பிறகு 2006இல் இன்னும் துணிந்து, ஒரு கோடியே 55 இலட்சம் இந்திய ரூபாவுக்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். ஊராட்சியின் சேமிப்பு 40 இலட்சம், மீதி வங்கிக் கடன். ஊருக்கு வேண்டியது போக மிச்ச மின்சாரத்தை மின்சார வாரியத்துக்கு விற்றார்கள்.

இங்கே இயந்திரத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அது ஊராட்சியின் சொத்து. ஊராட்சிக் கூட்டத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, கூலிக்குப் போகிறவருக்கும் ஒரு வாக்கு. காணி இல்லாதவரும் "அந்தக் காசு எங்கே?" என்று எழுந்து கேட்கலாம்.

மரவாயு இயந்திரத்தில் தார் படியும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும், விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் பல ஊர்களில் இப்படிப்பட்ட இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஆகவே நாளைக்கே நாமும் ஒரு இயந்திரம் வாங்குவோம் என்று நான் சொல்லவில்லை. முதலில் சங்கம், பிறகு தராசு, அதற்குப் பிறகுதான் இயந்திரம்.

"அது இந்தியா, நமக்குச் சரிவருமா?" என்று கேட்கலாம். நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. கம்பி மின்சாரம் போகாத கிராமங்களில் 1990களிலிருந்து மக்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, ஓடையில் சிறிய விசைச்சுழலி வைத்துத் தங்கள் வீடுகளுக்குத் தாங்களே வெளிச்சம் கொடுத்தார்கள். 1997க்கும் 2011க்கும் இடையில் உலக வங்கிக் கடனுதவித் திட்டங்களின் கீழ் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் செய்தன. வாய்க்கால் வெட்டியது சிரமதானத்தில். ஒவ்வொரு வீடும் அங்கத்தவர், மாதச் சந்தா, பராமரிக்க ஓர் ஆள். பின்னர் அரசாங்கக் கம்பி வந்ததும் பல நின்றுபோயின. ஆனாலும் வீட்டுக்கு ஒரு அங்கத்துவம் என்ற முறை நம் நாட்டு மண்ணில் முளைக்கும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

தராசும் ஈரமும்

இனி ஒரு தூரத்து நாட்டுக்குப் போய் வருவோம். டென்மார்க் நாட்டில் சம்சோ என்று ஒரு தீவு. மொத்தம் நாலாயிரம் பேருக்கும் குறைவு. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்காமல் இருக்க முடியாது. முன்பு எண்ணெயை இறக்குமதி செய்து எரித்தார்கள். இப்போது தீவின் விவசாயிகள் அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் வைக்கோலைக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஊருக்கு ஒரு பெரிய அடுப்பு, அதிலே வைக்கோல் எரிகிறது, சுடுதண்ணீர் குழாய் வழியாக வீடு வீடாகப் போகிறது. பல்லன்–புருண்ட்பி என்ற இரட்டைக் கிராமத்தில் அந்த அடுப்பு, சூட்டைப் பயன்படுத்தும் வீட்டுக்காரர்களுக்கே சொந்தம். எரிந்த சாம்பல் உரமாக வயலுக்குத் திரும்புகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் தராசு. வைக்கோல் ஈரமாக இருந்தால் சரியாக எரியாது, எரிப்பவருக்கு நட்டம். உலர்ந்ததை ஈரம் என்று சொல்லிக் கழித்தால் விவசாயிக்கு நட்டம். ஆகவே அந்த நாட்டில் எவ்வளவு ஈரம் வரைக்கும் ஏற்றுக்கொள்வது, அதை எப்படி அளப்பது, கூடினால் விலை எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறார்கள்.

கொழுந்துத் தராசடியில் நிற்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழிக்கும்போது யார் அளந்தது, எதை வைத்து அளந்தது என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! நாளைக்கு மிலாறோ கிளிரிசிடியாவோ விற்கும் நிலை வந்தால் அங்கேயும் இதே சண்டை வரும். அதனால் இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன். பச்சை விறகில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 100 கிலோ பச்சை விறகில் 50 கிலோதான் விறகு. நிழலில் அடுக்கி நன்றாகக் காய வைத்து ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கினால், அந்த 100 கிலோ 62 கிலோவாகும். போன 38 கிலோவும் வெறும் தண்ணீர். ஆகவே "பச்சைக்கு என்ன விலை, காய்ந்ததுக்கு என்ன விலை" என்று இரண்டு விலை பேச வேண்டும். ஒரே விலை பேசிவிட்டுக் காய்ந்த விறகைக் கொடுத்தால், காய வைத்த உழைப்பும் போகும், எடையும் போகும்.

நம் மலைக்கு வருவோம்

எதைக் கேட்பது என்பதற்கு முன்னால், எதைக் கேட்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கவ்வாத்து வெட்டியதும் இலையையும் மெல்லிய குச்சியையும் மலையிலேயே விட வேண்டும் என்று தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறது. அது மண்ணின் சாப்பாடு. மழையில் மண் கரைந்து போகாமல் மூடி வைப்பதும் அதுதான். நம் பெண்கள் எடுப்பது தடித்த மிலாறை மட்டும்தான், இலையை மலையிலேயே உதிர்த்துவிட்டுத்தான் கட்டுவார்கள். ஆனால் லொறிக்கு எடுப்பவர் இலை, குச்சி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனால் அடுத்த வருடம் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் நம் பேர் குறையும். ஆகவே மிலாறு விஷயத்தில் நாம் கேட்பது தேயிலைக்கும் நல்லது. இதைத் துரையிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இனி, கமிட்டிகள் என்ன செய்யலாம் என்பதற்கு என் யோசனைகள். இதைத் திருத்துவதும் கூட்டுவதும் உங்கள் கையில்.

முதலாவது, எழுத்து. ஒவ்வொரு டிவிசனிலும் கமிட்டி ஒரு கடிதம் தயாரிக்கட்டும். கவ்வாத்து மலையின் தடித்த மிலாறு அந்தத் தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு, இலையும் மெல்லிய குச்சியும் மண்ணுக்கு. இந்த இரண்டு வரிதான். வழக்கமாக இருந்ததை எழுத்தாக்கி, நிர்வாகத்தின் கையெழுத்தைக் கேட்போம். வயதானவர்களிடம் எத்தனை வருடமாக இந்த வழக்கம் இருக்கிறது என்று கேட்டு, அதையும் பெயரோடு எழுதி வையுங்கள். அந்தப் பாட்டியின் வாய்ச்சொல் ஒரு நாள் சாட்சியாக வேண்டியிருக்கும்.

இரண்டாவது, வீடுகளுக்குப் போதுமானது எடுத்த பிறகு மிஞ்சுவதை விற்பதென்றால், அது சங்கத்தின் வழியாகவே போக வேண்டும். பல தோட்டங்களில் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. புதிதாக ஒன்றைத் தொடங்குமுன் அதை எழுப்ப முடியுமா என்று பாருங்கள். அங்கத்துவம் வீட்டுக்கு ஒன்று என்று வைத்தால் பெரும்பாலும் ஆண்களின் பெயர்தான் பதிவாகும். சுமப்பது பெண்கள். ஆகவே பொறுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் பெயரில் அங்கத்துவமும், கணக்குப் புத்தகம் பெண்கள் கையிலும் இருக்க வேண்டும். கோய்தாவில் எழுதியதுபோல இரண்டு பேரை ஒரு பெயரில் எழுதும் பழக்கம் நம்மிடம் வரக் கூடாது.

மூன்றாவது, தராசு. நிறுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், பார்ப்பவர் நம் ஆள் ஒருவர். பச்சைக்கும் காய்ந்ததுக்கும் தனித்தனி விலை.

நாலாவது, ஸ்டோருக்கு வேண்டிய விறகு. கம்பனி வெளியிலிருந்து விறகு வாங்குகிறது. ஓடைக்கரை, எல்லை ஓரம், தேயிலை விளையாத தரிசு, இப்படிப்பட்ட இடங்களில் கிளிரிசிடியாவை நட்டு வெட்டி விற்கும் உரிமையைச் சங்கத்துக்குக் கொடுத்தால், அதே விறகைத் தோட்டத்துக்குள்ளேயே வாங்கலாம். எல்லயிலிருந்து கீழே இறங்கும் தோட்டங்களில் இந்த மரம் நன்றாக வரும். உயரத்தில் அவ்வளவு வராது. அங்கே சவுக்குக் கிளை இருக்கிறது. இது ஒரு நாளில் நடக்காது. காணியைப் பற்றிய பேச்சு என்பதால் கம்பனி தயங்கும். ஆனாலும் கேட்கத் தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, பிரதேச சபை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் செலவு செய்யத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஓடந்துறைக்காரர்களுக்கு ஊராட்சி இருந்ததுபோல நமக்கும் வாக்குப் போட்டு அனுப்பும் சபை இருக்கிறது. விறகு அடுக்கிக் காய வைக்க ஒரு கூரைக் கொட்டகை வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை அல்ல.

ஆறாவது, இதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. அடுப்பு. அனகி என்ற இரட்டை வாய்க் களிமண் அடுப்பு நம் நாட்டில் பல வருடமாகக் கிடைக்கிறது. ஒரு நெருப்பில் இரண்டு சட்டி வேகும், மூன்று கல் அடுப்பைவிட விறகு குறையும், புகையும் குறையும். லயத்துக் குசினியில் புகைக்குள் நின்று சமைப்பவர்களின் இருமலை நான் பெற்றோர் கூட்டத்தில் கேட்கிறேன். மாதர் சங்கம் மொத்தமாக வாங்கி மாதத் தவணைக்குக் கொடுக்கலாம். கிழமைக்கு ஒரு கட்டு விறகு குறைந்தால், கிழமைக்கு ஒரு நடை குறையும்.

அதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். "கழிவிலிருந்து வருமானம்" என்று சொல்லிக்கொண்டு யாராவது திட்டம் கொண்டு வந்தால், முதல் கேள்வியாக, "இதைச் சுமப்பது யார், எந்த நேரத்தில், என்ன கூலிக்கு?" என்று கேளுங்கள். எட்டு மணி நேரம் மலையில் நின்ற பெண்ணின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு அதை முன்னேற்றம் என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. அது நம் சங்கமே கொண்டு வந்த திட்டமாக இருந்தாலும் கேளுங்கள்.

அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். கமிட்டித் தலைவரும் நான்கு பெண்களும் கந்தோருக்குப் போய்ப் பேசினார்கள். அடுத்த மலை வெட்டும்போது லொறி வரவில்லை, பெண்கள் மிலாறு எடுத்தார்கள். ஆனால் கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை. "பார்ப்போம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என்னால் இன்னும் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. "நம்முடையதுதான், ஆனால் அதை எழுதி வாங்க வேண்டியிருக்கிறது" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இங்கிருந்து போகும் ஒவ்வொரு கமிட்டியும் அடுத்த கவ்வாத்துக்கு முன்னால் அந்த இரண்டு வரிக் கடிதத்தை எழுதி, ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத உதவி வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள். பின்னேரம் இரண்டரைக்குப் பிறகு பாடசாலையில்தான் இருப்பேன்.